வீட்டுக்கு அடியில் உடைந்து கிடக்கும் சாக்கடை குழாய்! கிணற்றில் கலக்கும் விபரீதம்!

சென்னையில் பழைய வீடுகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும் கழிவுநீர் குழாய்களுக்கு வயதாகி விட்டது.

மேலே மொசைக் தரை பளபளக்கிறது. சுவரில் புது பெயிண்டு மின்னுகிறது. கீழே தாத்தா காலத்து குழாய் இணைப்பு விட்டு ஒழுகிக் கொண்டு இருக்கிறது.

கக்கூசில் ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை என்றால் தான் வீட்டுக்காரருக்கு அந்த குழாயின் ஞாபகமே வருகிறது. உடனே ஓர் ஆளை கூப்பிடுகிறார். அவரும் மூங்கில் பிளாச்சை விட்டு குத்துகிறார். தண்ணீர் மடமடவென்று இறங்குகிறது. கூலியை வாங்கிக்கொண்டு போய் விடுகிறார்.

15 நாளில் மறுபடியும் அதே அடைப்பு!

அடைப்பு வெறும் அடையாளம் தான். குழாய் உடைந்து இருப்பது தான் நோய். இதை கவனிக்காமல் விட்டால் 2 விதத்தில் உயிருக்கு ஆபத்து.

ஒன்று, கிணற்று தண்ணீரில் கழிவுநீர் கலந்து விடும். மற்றொன்று, அடைப்பு எடுக்க குழிக்குள் இறங்கும் தொழிலாளியை விஷவாயு தாக்கும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கொல்லை முதல் வாசல் வரை

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், சிந்தாதிரிப்பேட்டை, சவுகார்பேட்டை, முத்தியால்பேட்டை பகுதிகளில் உள்ள பழைய வீடுகளை பார்த்தால் ஒரு விஷயம் புரியும்.

வாசல் குறுகல். வீடோ நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு என்று ரெயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக போகும். கடைசியில் கொல்லை. அங்கே ஒரு கிணறு. கிணற்றுக்கு சில அடி தள்ளி கக்கூஸ்.

கக்கூஸ் ஏன் கடைசியில் இருக்கிறது?

அந்த காலத்தில் எடுப்பு கக்கூஸ் தான். மலத்தை மனிதனே கையால் அள்ளிய கொடுமை நடந்தது. அள்ள வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று பின்பக்க சந்து வழியாக வந்து போக வைத்தார்கள்.

பிறகு பாதாள சாக்கடை வந்தது. அது வாசல் பக்கத்து தெருவில் போனது. கக்கூசோ கொல்லையில்! இரண்டையும் எப்படி இணைப்பது?

வீட்டுக்கு அடியிலேயே பள்ளம் தோண்டி குழாயை புதைத்தார்கள். சமையல்கட்டுக்கு கீழே, கூடத்துக்கு கீழே, ரேழிக்கு கீழே என்று வாசல் ஓரத்தில் இருக்கும் தொட்டி வரை குழாய் ஓடியது. இந்த தொட்டியை தான் "சேம்பர்" என்கிறார்கள்.

அதனால் தான் பல வீடுகளில் சாமி படம் மாட்டி இருக்கும் அறைக்கு அடியில் கூட சாக்கடை ஓடுகிறது.

கணக்கு தப்பியது

சென்னை நகரின் பாதாள சாக்கடை திட்டம் 1910-ம் ஆண்டு வாக்கில் வகுக்கப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் குடிநீர் நிலையம் தொடங்கப்பட்டதும் (1914) ஏறக்குறைய அதே காலம் தான்.

1961-ம் ஆண்டில் நகரில் சுமார் 6½ லட்சம் பேர் இருப்பார்கள் என்று அப்போது கணக்கு போட்டார்கள். ஆனால் 1961-ம் ஆண்டு மக்கள் தொகை கணக்கு எடுத்தபோது 17 லட்சத்தை தாண்டி இருந்தது!

பிறகு சாக்கடை திட்டம் விரிவு செய்யப்பட்டது. பெரிய குழாய்களும், பம்பிங் நிலையங்களும் வந்தன. 1978-ம் ஆண்டில் சென்னை குடிநீர் வாரியம் அமைக்கப்பட்டது. தெருவில் ஓடும் கழிவுநீர் குழாய்களை இந்த வாரியம் தான் கவனித்து வருகிறது.

வீட்டுக்குள் ஓடும் குழாய் கதை வேறு. அது வீட்டுக்காரரின் சொத்து. அதை மாற்ற வேண்டியதும் அவரே. தாத்தா போட்ட குழாயை அப்பா பார்க்கவில்லை. அப்பா பார்க்காததை மகனும் பார்க்கவில்லை.

ஒரே குடும்பத்துக்காக போட்ட அந்த குழாயில், வீடு ஒண்டுக்குடித்தனமாக மாறிய பிறகு 5 குடும்பம், 8 குடும்பத்தின் கழிவு போக ஆரம்பித்தது. மாடி கட்டினார்கள். மாடியில் இன்னொரு மாடி கட்டினார்கள். எல்லாம் அதே குழாய்க்கு தான் வந்து சேர்ந்தது.

தண்ணீர் பஞ்சம் வந்தாலும் கஷ்டம் தான். ஏரிகள் வறண்டு போன 2019 கோடை மாதிரி காலங்களில் கக்கூசுக்கு அரை வாளி தண்ணீர் தான் ஊற்றுவார்கள். அழுக்கை வாசல் வரை இழுத்துச்செல்ல அது போதாது. பாதி வழியில் தங்கி இறுகி விடும்.

ஊறுகாய் ஜாடி குழாய்

பழைய வீடுகளில் 4 வகை குழாய்கள் இருக்கின்றன.

ஸ்டோன்வேர் குழாய்:- ஊறுகாய் ஜாடி மாதிரி பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருக்கும். தரைக்கு அடியில் போட்டது பெரும்பாலும் இது தான். பொதுவாக ஒரு துண்டு 2 அடி நீளம். 80 அடி நீள வீட்டுக்கு 40 துண்டு வேண்டும். அப்படியானால் ஏறக்குறைய 40 இணைப்பு!

இந்த குழாயை ஆசிட் கூட அரிக்காது. பலவீனம் இணைப்பில் தான் இருக்கிறது. தாரில் நனைத்த சணலை திணித்து, மேலே சிமெண்டு பூசி இணைத்து இருப்பார்கள். சணல் மக்கி விடும். சிமெண்டு வெடித்து விடும்.

வார்ப்பிரும்பு குழாய்:- சுவரை ஒட்டி மாடியில் இருந்து இறங்கும் கறுப்பு குழாய் இது. இணைப்புகளில் ஈயத்தை உருக்கி ஊற்றி இருப்பார்கள். இது உள்ளே துரு பிடிக்கும். துரு படிந்து படிந்து 4 அங்குல குழாயின் வழி சுருங்கிக்கொண்டே வரும். சுவரை பார்த்த பக்கம் ஓட்டை விழுந்தால் வெளியே தெரியாது. சுவர் தான் ஊறும்.

ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு குழாய்:- சாம்பல் நிறத்தில் இருக்கும். காற்றுக்குழாய்க்கும், மழைநீர் இறங்கவும் போட்டு இருப்பார்கள். இதை ரம்பத்தால் அறுக்கவோ, சுத்தியலால் உடைக்கவோ கூடாது. அந்த தூசியை சுவாசித்தால் பல வருடம் கழித்து கூட புற்றுநோய் வரலாம். கழற்ற வேண்டி இருந்தால் தண்ணீரால் நனைத்து முழுசாக கழற்ற வேண்டும்.

பி.வி.சி. குழாய்:- பழைய குழாய் உடைந்த இடத்தில் ஒட்டு போட்டது. குழாய் நல்லது தான். ஆனால் பழைய ஜாடி குழாயில் இதை சொருகி சிமெண்டை பூசி விடுகிறார்கள். சிமெண்டு பிளாஸ்டிக்கை பிடிக்காது. கொஞ்ச நாளில் இடைவெளி விட்டு ஒழுகும். இரண்டையும் சேர்க்க ரப்பர் வளையம் வைத்த இணைப்பு வேண்டும்.

மணல் எங்கே போகிறது?

மயிலாப்பூரும், திருவல்லிக்கேணியும் கடலோர மணல் பூமி. இங்கே தான் விபரீதம் யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

இணைப்பு விட்டுப்போன இடத்தில் கழிவுநீர் வெளியே போகிறது. அதே ஓட்டை வழியாக சுற்றி உள்ள மணல் குழாய்க்குள் வருகிறது. ஓடும் தண்ணீர் அந்த மணலை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகிறது. குழாயை சுற்றி வெற்றிடம் ஏற்படுகிறது. குழாய்க்கு பிடிமானம் போய் அடுத்த துண்டும் தொங்குகிறது. அதன் இணைப்பும் விடுகிறது.

ஒரு நாள் கூடத்தில் தரை உள்வாங்குகிறது!

குழாய் உடைய வேறு காரணங்களும் உண்டு.

அரச மரம், வேப்ப மரத்தின் வேர் ஈரத்தை தேடி வரும். முடி அளவு விரிசலில் நுழைந்து, உள்ளே போய் சடை மாதிரி வளரும். தலைமுடி, துணி, தேங்காய் நார் எல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும்.

பெருச்சாளி குழாய்க்கு கீழே வளை தோண்டும். வீட்டுக்குள் தண்ணீர் தொட்டி கட்ட பள்ளம் எடுக்கும்போது பக்கத்தில் இருக்கும் குழாய் அசைந்து விடும். புதிதாக தூண் எழுப்பினால் அதன் பாரமும் குழாய் மேல் விழும்.

"உங்க வீட்டு ஆளுங்க தான்!"

அடைப்பு ஏற்பட்டதும் பல வீடுகளில் சண்டை தான் முதலில் வரும்.

"துணிய போட்டீங்களா? நாப்கின் போட்டீங்களா? உங்க வீட்டு ஆளுங்க தான் எதையோ போட்டு அடைச்சிருக்காங்க" என்பார் வீட்டுக்காரர்.

"நாங்க வந்து 6 மாசம் தான் ஆவுது சார். அதுக்கு முன்னாடி அடைக்கலியா?" என்பார் குடித்தனக்காரர்.

மாடியில் இருப்பவர் கீழ் வீட்டை சொல்வார். கீழ் வீட்டுக்காரர் மாடியை சொல்வார். அடைப்பு எடுக்கும் கூலியை யார் தருவது என்பதில் போய் பேச்சு நிற்கும்.

நாப்கினும், துணியும், சமையல் எண்ணெயும், காபி தூளும் அடைப்பை உண்டாக்கும் என்பது உண்மை தான். ஆனால் குழாய் வழவழப்பாகவும், சரிவு சரியாகவும் இருந்தால் அதில் பாதி தானாக போய் விடும். ஒரே இடத்தில் அடிக்கடி அடைத்துக்கொண்டால் குற்றவாளி ஆள் இல்லை, குழாய்! அங்கே உடைசலோ, வேரோ, பள்ளமோ இருக்கிறது என்று அர்த்தம்.

கண்டுபிடிப்பது எப்படி?

குழாய் உடைந்து இருக்கிறது என்பதற்கு வீடே அடையாளம் காட்டும். அவை வருமாறு:-

1. ஒரு கக்கூசில் தண்ணீர் ஊற்றினால் குளியல் அறையில் "களக் களக்" என்று சத்தம் வரும். தண்ணீர் பொங்கும்.

2. ஒரே இடத்தில் வருடத்துக்கு பல முறை அடைக்கும்.

3. மழை இல்லாத நாளிலும் சுவரின் அடிப்பாகம் ஈரமாக இருக்கும். பெயிண்டு பொரியும். வெள்ளையாக உப்பு பூக்கும்.

4. தரையை தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச்சத்தம் கேட்கும். தரை ஒரு பக்கம் இறங்கும்.

5. வாசல் சேம்பரில் மணலும், செங்கல் துகளும் வந்து சேரும்.

6. வீட்டுக்குள் கரப்பான், பெருச்சாளி தொல்லை திடீர் என்று கூடும்.

7. கிணற்று நீரில் வாடை வரும். நுரை வரும்.

இதில் 2 அல்லது 3 அடையாளம் இருந்தால் சோதனை செய்து விடுவது நல்லது.

சொட்டு நீல சோதனை

செலவு இல்லாத சோதனை ஒன்று உண்டு. ஒரு வாளி தண்ணீரில் துணிக்கு போடும் சொட்டு நீலத்தை நன்றாக கலந்து கொல்லை கக்கூசில் ஊற்ற வேண்டும். பின்னாலேயே 2 வாளி வெறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாசல் சேம்பர் மூடியை திறந்து வைத்து, தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

நீலம் சீக்கிரம் வந்து சேர்ந்தால் வழி இருக்கிறது. வரவே இல்லை என்றாலோ, ரொம்ப நேரம் கழித்து சொட்டு சொட்டாக வந்தாலோ நடுவில் கோளாறு. சுவரில் நீலம் கசிந்தால் உடைந்த இடமே தெரிந்து விடும்.

இன்னொன்று தண்ணீர் சோதனை. குழாயின் கீழ் முனையை ரப்பர் அடைப்பானால் மூடி விட்டு மேல் முனை வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். முதலில் கொஞ்சம் இறங்கும். பழைய குழாய் ஈரத்தை இழுப்பதால் அப்படி. மறுபடி நிரப்பி அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அப்போதும் இறங்கிக்கொண்டே போனால் குழாய் ஒழுகுகிறது.

குழாய்க்குள் சின்ன கேமராவை விட்டு டி.வி.யில் பார்க்கும் வசதியும் வந்து விட்டது. எத்தனையாவது அடியில் உடைசல் என்று சொல்லி விடலாம். தரை முழுவதையும் பெயர்க்க வேண்டியது இல்லை.

கிணற்றில் என்ன கலக்கிறது?

கிணறும், கழிவுநீர் போகும் இடமும் குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது சுகாதார விதி. பழைய வீட்டு கொல்லையில் 50 அடிக்கு எங்கே போவது? சில அடி தூரத்திலேயே இரண்டும் இருக்கின்றன.

குழாய் நன்றாக இருந்த வரை தப்பித்தார்கள். இணைப்பு விட்டதும் கழிவுநீர் மணலில் இறங்கி கிணற்று ஊற்றில் கலக்கிறது. போர் போட்டு இருந்தாலும் இதே கதி தான். மஞ்சள் காமாலை, டைபாய்டு, காலரா, வயிற்றுப்போக்கு - எல்லாம் இந்த வழியில் வரும்.

லண்டன் நகரில் 1854-ம் ஆண்டு நடந்த சம்பவம் இதற்கு சாட்சி. பிராட் தெரு என்ற இடத்தில் காலரா பரவி 600-க்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். அந்த தெரு அடிபம்பு தண்ணீர் தான் காரணம் என்று டாக்டர் ஜான் சுனோ கண்டுபிடித்தார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

பிறகு தோண்டி பார்த்தார்கள். பக்கத்து வீட்டின் பழைய கழிவுநீர் குழியும், அதன் செங்கல் சாக்கடையும் இற்றுப்போய் இருந்தன. அந்த குழிக்கும், பம்பின் கிணற்றுக்கும் நடுவே 3 அடி கூட இல்லை!

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நம்பி விடக்கூடாது. நோய்க்கிருமிக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. சொட்டு நீலம் கிணற்றில் தெரியவில்லை என்பதும் ஆதாரம் ஆகாது. மண் நிறத்தை பிடித்துக்கொள்ளும். கிருமி தாண்டி வரும்.

கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீரை பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. முடிவு தெரியும் வரை கிணற்று நீரை குடிக்கவோ, பாத்திரம் கழுவவோ பயன்படுத்தக்கூடாது. வேறு வழி இல்லை என்றால் நன்றாக கொதிக்க வைக்க வேண்டும்.

சிலர் கிணற்றில் பிளீச்சிங் பவுடரை கொட்டி விட்டு நிம்மதி அடைகிறார்கள். நல்ல தண்ணீர் என்றால் 1,000 லிட்டருக்கு சுமார் 2½ கிராம் போதும். சாக்கடை கலந்த தண்ணீரில் எவ்வளவு போட்டாலும் அழுக்கே அதன் வீரியத்தை தின்று விடும். ஒழுகும் குழாயை மாற்றாமல் பவுடர் போடுவது ஓட்டை குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

குடிநீர் குழாயிலும் கலக்கலாம். தண்ணீர் வராத நேரத்தில் குடிநீர் குழாய் காலியாக கிடக்கும். அப்போது அடிபம்பு அடித்தாலோ, மோட்டார் போட்டு இழுத்தாலோ, பக்கத்தில் தேங்கி நிற்கும் கழிவுநீரை ஓட்டை வழியாக உறிஞ்சிக்கொள்ளும். காலையில் முதலில் வரும் தண்ணீர் நாற்றம் அடிப்பதற்கு இதுவும் காரணம்.

ஆசிட் ஊற்றாதீர்கள்

அடைப்பு என்றதும் கடையில் ஆசிட் வாங்கி ஊற்றுவது பலருக்கு பழக்கம். ஆசிட் ஜாடி குழாயை ஒன்றும் செய்யாது. ஆனால் இணைப்பில் இருக்கும் சிமெண்டை கரைத்து விடும். இரும்பு குழாயை அரித்து விடும். ஏற்கனவே பிளீச்சிங் பவுடர் போட்ட கக்கூசில் ஆசிட் ஊற்றினால் குளோரின் விஷவாயு கிளம்பும். மூடிய அறையில் மூச்சு திணறும்.

மூங்கிலையோ, கம்பியையோ விட்டு ஓங்கி குத்துவதும் ஆபத்து. அடைப்போடு சேர்த்து பழைய இணைப்பும் உடைந்து விடும். இதற்கென்று உள்ள சுருள் கம்பியை சுழற்றி விட்டு எடுக்க வேண்டும்.

ஆளை இறக்கினால் குற்றம்

கடைசியில் சொன்னாலும் இது தான் முக்கியமான விஷயம்.

வாசல் குழி ஆழமாக இருந்தால், "இறங்கி எடுப்பா, சேர்த்து தர்றேன்" என்று வீட்டுக்காரர் சொல்வது உண்டு. ஆளும் சட்டையை கழற்றி விட்டு இறங்கி விடுவார்.

தேங்கிய கழிவுநீரில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு உண்டாகிறது. காற்றை விட கனமானது. குழியின் அடியிலேயே தங்கி இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடை இல்லை, இறங்கலாம்" என்று நினைப்பது இதனால் தான் தப்பு.

காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இந்த வாயு இருந்தால் போதும். ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சுருண்டு விழுவார். அவரை தூக்க இறங்குகிறவரும் விழுவார். கழிவுநீர் குழியில் ஒரே நேரத்தில் 2 பேர், 3 பேர் சாவது இப்படித்தான்.

தீக்குச்சியை கொளுத்தி போட்டு பார்ப்பதும் தப்பு. குழிக்குள் மீத்தேன் வாயு இருந்தால் குப் என்று தீப்பிடிக்கும்.

பாதுகாப்பு கருவி இல்லாமல் ஆளை இறக்குவதற்கு 2013-ம் ஆண்டு சட்டம் தடை விதித்து இருக்கிறது. அரசு அலுவலகம், காண்டிராக்டர் மட்டும் அல்ல, யார் இறக்கினாலும் குற்றம். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். முதல் தடவை 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை ஜெயில், 5 லட்ச ரூபாய் வரை அபராதம்.

1993-ம் ஆண்டில் இருந்து சாக்கடை குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு தலா 10 லட்ச ரூபாய் தர வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பு கூறியது. 2023-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அதை 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது.

பணம் கிடைக்கும். போன உயிர்?

மாற்றுவது எப்படி?

உடைசல் ஓரிடத்தில் மட்டும் என்றால் அந்த பகுதியை மாற்றினால் போதும். பல இடத்தில் என்றால் முழுவதையும் மாற்றுவது தான் லாபம். ஒட்டு போட்டுக்கொண்டே இருந்தால் தரையை பெயர்த்து பூசும் செலவு தான் மிஞ்சும்.

வீட்டு ஓரத்தில் நடை இருந்தால் பழைய குழாயை அப்படியே விட்டு விட்டு, 2 முனையையும் சிமெண்டால் மூடி விட்டு, நடை வழியாக புது குழாய் கொண்டு போவது நல்லது. பிறகு ஒரு நாள் அடைத்தாலும் கூடத்தை உடைக்க வேண்டாம்.

வேலைக்கு ஆள் வைக்கும்போது கவனிக்க வேண்டியவை வருமாறு:-

சரிவு:- 4 அங்குல குழாய்க்கு 40 அடி நீளத்தில் 1 அடி சரிவு வேண்டும். 6 அங்குல குழாய்க்கு 60 அடியில் 1 அடி. சரிவு குறைந்தால் அழுக்கு தங்கும். கண் அளவில் போடாமல் ரசமட்டம் வைத்து போட சொல்ல வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமும் போதும்.

குழாய் ரகம்:- கழிவுநீருக்கு என்று விற்கும் பி.வி.சி. குழாயில் 2 ரகம் உண்டு. "ஏ" ரகம் மெல்லியது. காற்றுக்கும், மழைநீருக்கும் தான். கக்கூஸ் குழாய்க்கு தடித்த "பி" ரகம் வாங்க வேண்டும். குழாய் மேலேயே அச்சிட்டு இருக்கும். பில் போடும் முன் படித்து பார்க்க வேண்டும்.

படுக்கை:- உடைந்த செங்கல் மேல் குழாயை வைக்கக்கூடாது. சலித்த மணலை பரப்பி, குழாய் முழு நீளமும் அதில் படிய வேண்டும்.

சேம்பர்:- குழாய் திரும்பும் இடத்தில் எல்லாம் திறந்து பார்க்கிற மாதிரி சேம்பர் கட்ட வேண்டும். அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மறைக்கக்கூடாது.

நீர் அடைப்பு:- குளியல் அறை ஜல்லடைக்கு கீழே வளைவான "டிராப்" இருக்கும். அதில் 2 அங்குலம் தண்ணீர் நின்றால் தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராது. உபயோகிக்காத குளியல் அறையில் வாரம் ஒரு முறை ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும்.

காற்றுக்குழாய்:- மொட்டை மாடிக்கு மேலே நீண்டு நிற்கும் குழாயை அழகுக்காக வெட்டி விடுகிறார்கள். அது இருந்தால் தான் வாயு மேலே போகும். தண்ணீரும் தடை இல்லாமல் இறங்கும்.

பள்ளத்தை மூடும் முன்பு தண்ணீர் சோதனையை செய்து காட்ட சொல்ல வேண்டும். அதற்கு பிறகு தான் முழு கூலி.

மழைத்தண்ணீரை சேர்க்காதீர்கள்

மொட்டை மாடி மழைத்தண்ணீரை கக்கூஸ் குழாயில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவுநீர் குழாய் அதற்காக போட்டது இல்லை. ஒரு தெருவில் 10 வீட்டுக்காரர்கள் இப்படி செய்தால், மழை நாளில் தெரு குழாய் நிரம்பி பள்ளத்தில் இருக்கும் வீட்டு கக்கூசில் கழிவுநீர் மேலே வரும். திரும்ப திரும்ப தார் போட்டு தெரு உயர்ந்து, வீடுகள் பள்ளமாகி விட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம்.

தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டது. மாடி தண்ணீரை அந்த குழிக்கு விட்டால் கிணறும் ஊறும், சாக்கடையும் தப்பும். பள்ளத்து வீடுகளில் வாசல் சேம்பருக்கு முன்பு ஒரு வழி வால்வு பொருத்தலாம். கழிவுநீர் வெளியே போகும். திரும்பி வராது.

யாரிடம் சொல்வது?

வீட்டு சேம்பரில் தண்ணீர் தேங்கி, தெரு குழியிலும் நிரம்பி நின்றால் அது தெரு குழாய் அடைப்பு. குடிநீர் வாரியத்தின் புகார் எண் 1916-க்கு போன் செய்யலாம். எந்திரம் பொருத்திய லாரி வந்து அடைப்பை எடுக்கும்.

தெரு குழி காலியாக இருந்து, வீட்டு சேம்பர் மட்டும் நிரம்பினால் கோளாறு வீட்டு குழாயில். கொல்லை சேம்பர் நிரம்பி வாசல் சேம்பர் காலியாக இருந்தால் உடைசலோ, அடைப்போ நடுவீட்டில் இருக்கிறது. மூடியை திறந்து பார்த்தாலே இவ்வளவும் தெரிந்து விடும்.

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் தொடங்கும். மண் நனைந்து நிலத்தடி நீர் மேலே வந்து விட்டால் பள்ளம் தோண்டுவது கஷ்டம். கோடையில் செய்ய வேண்டிய வேலை இது.

அதுவரை அடைப்பு எடுக்க வருகிறவர், "நான் இறங்கியே எடுத்துடறேன் சார், பழக்கம் தான்" என்று சொல்வார். அவர் சொன்னாலும் இறங்க விடக்கூடாது. மூடியை போட்டு விட்டு 1916-க்கு போன் செய்வது தான் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது.